தேயிலைப் பச்சைக்குள் எஞ்சியிருக்கும் சோலைகள்

வால்பாறைக்குப் போய் வந்தவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "எங்கு பார்த்தாலும் ஒரே பச்சை!" ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, தலைசுற்றல் தீர்ந்து நிமிர்ந்தால், சரிவு முழுக்கச் சமமாகக் கவாத்து செய்த தேயிலை. அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அது காடு இருந்த இடம். 1890களில் தொடங்கிச் சில பத்தாண்டுகளுக்குள் ஆனைமலையின் நடுவிலிருந்த மழைக்காடு வெட்டப்பட்டுக் காப்பி, தேயிலை, ஏலம், சிங்கோனா என்று மாறியது. இன்று 220 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்தப் பீடபூமியைச் சுற்றி ஆனைமலைப் புலிகள் காப்பகம், பரம்பிக்குளம், வாழச்சால், எரவிகுளம் என்று காடு நிற்கிறது. நடுவில் இருப்பது தோட்டம்.

தோட்டத்துக்குள்ளும் காடு முழுவதுமாகப் போய்விடவில்லை. ஓடைக்கரைகளிலும், தேயிலை நட முடியாத செங்குத்துச் சரிவுகளிலும், ஏலத்துக்கு நிழல் வேண்டும் என்று விட்ட இடங்களிலும் துண்டு துண்டாக நிற்கிறது. மலையில் இருப்பவர்கள் அவற்றைச் சோலை என்கிறார்கள். புதுத்தோட்டம், குரங்குமுடி, பன்னிமேடு, ஐயர்பாடி, தோணிமுடி என்று ஒவ்வொன்றுக்கும் எஸ்டேட் பெயரே பெயர். சில சோலைகளை ஒரு பாட்டுப் பாடி முடிப்பதற்குள் சுற்றி வந்துவிடலாம். சிலவற்றில் நாள் முழுக்க நடக்கலாம். சிங்கவால் குரங்கு, கருமந்தி, மலை அணில், மரநாய், இருவாச்சி ஆகியவை இன்னும் இந்தத் துண்டுகளை நம்பித்தான் பீடபூமியில் வாழ்கின்றன. இந்தச் சோலைகளில் பெரும்பாலானவை தேயிலை கம்பெனிகளின் கையில் உள்ள நிலத்துக்குள் இருப்பதால், புலிகள் காப்பகத்தின் எல்லைக்கல்லுக்குள் வருவதில்லை. தனியார் வனங்களைப் பாதுகாக்க 1949ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. அனுமதியில்லாமல் மரம் வெட்டுவதை அது தடுக்கும். சோலை தானாக நலிந்து சாவதை எந்தச் சட்டமும் தடுக்காது.

மழைக்காட்டைப் பற்றி நாம் சரியாகப் புரிந்துகொள்ளாத இடம் இதுதான் என்று நினைக்கிறேன். "வெட்டாமல் விட்டால் போதும், காடு தானே வளரும்" என்று பலரும் நம்புகிறோம். பெரிய காட்டின் ஓரத்தில், விதை கொண்டுவரப் பறவையும் விலங்கும் உள்ள இடத்தில், அது ஓரளவு உண்மை. தேயிலைக்கு நடுவில் தனித்துப்போன சோலையின் கதை வேறு. ஓரத்திலிருந்து வெயிலும் காற்றும் உள்ளே நுழைகின்றன. நிழலிலேயே முளைத்து நிழலிலேயே வளரப் பழகிய கன்றுகள் கருகுகின்றன. அந்த இடத்தை உண்ணிச்செடி பிடித்துக்கொள்கிறது. அது புதராக மண்டிவிட்டால் அதன் அடியில் வேறு எதுவும் தலைதூக்க முடியாது. நிழலுக்காக ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்து நட்ட குடைமரம் சோலைக்குள் பரவியிருக்கிறது. ரொபஸ்டா காப்பியும் தோட்டத்தைத் தாண்டி உள்ளே போய் முளைத்துக் கிடக்கிறது. மழைக்காட்டு மரங்கள் பலவற்றின் விதையை நெல்போலக் காயவைத்துச் சேமிக்கவும் முடியாது. விழுந்த சில வாரங்களுக்குள் மண்ணைச் சேராவிட்டால் உயிர் போய்விடும். கொட்டை பெரிதாக உள்ள மரங்களுக்கு இருவாச்சியோ மரநாயோ வந்தால்தான் விதை தூரம் போகும். இப்படிப்பட்ட சோலையை அதன் போக்கில் விட்டால், வெளியிலிருந்து பார்க்கப் பச்சையாகவே இருக்கும். உள்ளே அடுத்த தலைமுறை மரம் இருக்காது.

இப்படி நலியும் சோலைகளைச் சீர்செய்யும் வேலையைத்தான் 2000ஆம் ஆண்டை ஒட்டி, மைசூரைத் தலைமையிடமாகக் கொண்ட நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன் என்ற தொண்டு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் திவ்யா முடப்பாவும் டி. ஆர். சங்கர் ராமனும் வால்பாறையில் கையில் எடுத்தார்கள். ஆய்வு செய்து கட்டுரை எழுதிவிட்டு ஊர் திரும்பியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. அங்கேயே ஓர் ஆய்வு நிலையத்தையும் நாற்றங்காலையும் அமைத்துத் தங்கிவிட்டார்கள். காடு யார் நிலத்தில் இருக்கிறதோ அவர்களிடமே போய்ப் பேசினார்கள். கம்பெனியிடமிருந்து நிலத்தை வாங்க அவர்களிடம் பணமில்லை. பறித்துத் தர அரசும் முன்வரப் போவதில்லை. ஆகவே, "தேயிலை உங்களுடையதாகவே இருக்கட்டும், இந்த ஓடைக்கரைச் சோலையை மட்டும் சீர்செய்ய விடுங்கள்" என்ற வகையான உடன்பாடுகள். ஒரு கம்பெனி கைமாறினாலும் மேலாளர் மாற்றலாகிப் போனாலும் மறுபடியும் முதலிலிருந்து பேச வேண்டும். தேயிலையை வெளிநாட்டில் வாங்குபவர்கள் சுற்றுச்சூழல் சான்றிதழ் கேட்கத் தொடங்கியதும் இந்தப் பேச்சுக்குக் கொஞ்சம் துணையாக வந்தது.

நாற்றங்கால் வேலை எப்படி நடக்கிறது என்பதை விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் பணம் கொடுப்பவர்கள் யாரும் இதைக் கேட்பதில்லை. விதை பெரும்பாலும் சாலையோரத்தில் கிடைக்கிறது. தாரில் விழுந்து வண்டிச் சக்கரத்தில் நசுங்கப் போகும் விதை அது. மரநாயின் எச்சத்தில் கிடக்கும் கொட்டை, இருவாச்சி துப்பிய கொட்டை எல்லாவற்றையும் பொறுக்கிச் சேர்க்கிறார்கள். காட்டுக்குள் போய் மரத்தடியைத் துடைத்து எடுத்தால் காட்டுக்குச் சேர வேண்டியது குறையுமே! வெடிப்பலா, கருங்குங்கிலியம், வெள்ளகில், நாங்கு, காட்டு நாவல், உருத்திராட்சம் என்று நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள். ஒவ்வொன்றுக்கும் முளைக்கும் காலம் வேறு. சில ஒரு வாரத்தில் தலைகாட்டும், சில மாதக்கணக்கில் ஒன்றும் சொல்லாமல் கிடக்கும். பைகளில் ஓரிரு ஆண்டு வளர்த்து, தென்மேற்குப் பருவமழை பிடித்ததும் சோலைக்குக் கொண்டுபோகிறார்கள். அதற்கு முன்பே உண்ணிச்செடியை வெட்டியிருக்க வேண்டும். ஒரேயடியாக வெட்டினாலும் தவறு. புதருக்குள் தானாக முளைத்திருக்கும் காட்டுக் கன்று எது என்று பார்த்து, அதை விட்டுவிட்டு மற்றதை வெட்டத் தெரிந்த கை வேண்டும். நட்ட பிறகு இரண்டு மூன்று ஆண்டுகள் களை எடுக்க வேண்டும். இதையெல்லாம் செய்பவர்கள் மலையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். இலையைக் கசக்கி முகர்ந்தே மரத்தின் பெயர் சொல்லும் ஒருவரோடு ஒரு மாலை முழுக்க நடந்திருக்கிறேன். அந்த அறிவை எந்தத் திட்ட அறிக்கையிலும் செலவுக் கணக்காக எழுத முடியாது.

நட்டதெல்லாம் பிழைப்பதில்லை. முதல் சில ஆண்டுகளில் நட்டவற்றை அவர்களே தொடர்ந்து அளந்து வெளியிட்டிருக்கிறார்கள். இரண்டு ஆண்டு முடிவில் சில இடங்களில் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே மிஞ்சியது, சில இடங்களில் பத்தில் ஒன்பது பங்கு நின்றது. நன்கொடை வாங்கி நடத்தும் அமைப்பு தன் கன்றுகளில் எத்தனை செத்தன என்று ஊரறியச் சொல்வதை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன். 2019இல் வந்த ஆய்வு ஒன்று, ஏழு முதல் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் சீர்செய்த இடங்களையும், அதே நிலையில் இருந்து அப்படியே விடப்பட்ட இடங்களையும் ஒப்பிட்டது. சீர்செய்த இடங்களில் மர இனங்களின் செறிவும், மரங்கள் தேக்கிவைத்திருக்கும் கார்பனும் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு இருந்தன. முக்கியமான இன்னொன்றையும் அந்த ஆய்வு காட்டியது: பெரிய காட்டிலிருந்து விலகி இருக்கும் சோலைகளுக்குத்தான் மனிதக் கை அதிகம் தேவை. எங்கே பணத்தைப் போட வேண்டும், எங்கே காட்டை அதன் போக்கில் விட்டுவிட வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியவில்லை.

இதைப் படித்துவிட்டுக் கன்று நடும் விழாக்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. எங்கள் பக்கம் மலையடிவாரத்தில் ஒரு நிறுவனம், உலகச் சுற்றுச்சூழல் நாளன்று பஸ் பஸ்ஸாகப் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிவந்து கன்று நட்டது. பதாகை, தொப்பி, மோர், நாளிதழில் படம். எந்த மரம் அந்த மண்ணுக்கு உரியது என்று யாரும் கேட்கவில்லை. எந்த நாற்றங்காலில் எது மலிவாகக் கிடைத்ததோ அது வந்தது. மறு ஆண்டு அந்தப் பக்கம் போனபோது குழிகள் இருந்தன, நாற்றுப் பைகள் இருந்தன. ஆடு தின்றது போக நின்றவை வெயிலில் காய்ந்திருந்தன. அந்தப் பணத்தில் களையெடுக்கும் இரண்டு பேருக்கு ஆண்டு முழுக்கக் கூலி கொடுத்திருக்கலாம். கூலிக்கு யாரும் பதாகை கட்டுவதில்லை என்பதால் அது நடக்காது.

காட்டை மட்டும் பேசினால் பாதிதான் பேசியதாகும். வால்பாறையில் ஏறத்தாழ 70,000 பேர் வாழ்கிறார்கள். பெரும்பாலோர் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். என் அத்தை ஒருவர் அங்கே தோட்டத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் வாழ்ந்து, கொழுந்து பறித்தே பிள்ளைகளை ஆளாக்கியவர். சோலைகளைப் பற்றி நான் உருகிப் பேசியதைக் கேட்டுவிட்டு, "யானை நிற்கிறதா இல்லையா என்று தெரியாமல் இருட்டில் தண்ணீர் பிடிக்கப் போய்ப் பார் கண்ணு, அப்புறம் காட்டைப் பற்றிப் பேசு" என்றார். அவருக்கு நான் அன்று பதில் சொல்லவில்லை. பதில் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. சோலையையும் ஓடைக்கரையையும் பிடித்துத்தான் யானைகள் பீடபூமியைக் கடக்கின்றன. பகலில் சோலையில் நின்றுவிட்டு, மாலையில் தேயிலைக்குள் இறங்குகின்றன. வேலை முடிந்தும் கடைக்குப் போயும் திரும்பும் மனிதர்கள் அதே நேரத்தில் அதே வழியில் வருகிறார்கள். யானையால் உயிரிழந்த பலருக்கு அது அங்கே நிற்பதே தெரிந்திருக்கவில்லை.

அதே தொண்டு நிறுவனத்தைச் சேர்ந்த ஆனந்தகுமார், யானையைத் துரத்துவது எப்படி என்ற கேள்வியை விட்டுவிட்டு, யானை நிற்கும் இடத்தை மக்களுக்கு எப்படித் தெரிவிப்பது என்று யோசித்தார். மாலையில் உள்ளூர்க் கேபிள் டிவியில் யானை எந்த எஸ்டேட்டில் நிற்கிறது என்று எழுத்து ஓடும். கைப்பேசிக்குத் தமிழில் செய்தி வரும். யானை நடமாட்டம் மிகுந்த இடங்களில் கம்பத்தின் உச்சியில் சிவப்பு விளக்கு எரியும். அந்த விளக்கை ஏற்றுவது அங்கே வாழும் மக்களில் ஒருவர், தன் கைப்பேசியிலிருந்து. இந்த வேலைக்காக 2015இல் ஆனந்தகுமாருக்கு, இயற்கைப் பாதுகாப்புக்காகத் தரப்படும் விட்லி விருது கிடைத்தது. யானையால் நேரும் மரணங்கள் குறைந்தன. ஆபத்து தீர்ந்துவிட்டதாகச் சொல்ல மாட்டேன். அண்மை ஆண்டுகளில்கூடச் சிறுத்தை தாக்கிக் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். லைன் வீடுகளுக்கு அருகில் விளக்கும், வீட்டோடு கழிப்பறையும் இல்லாத இடத்தில், காட்டைக் காப்பாற்றுங்கள் என்று சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது? கழிப்பறை கட்டுவதும் தெருவிளக்கு போடுவதும் மழைக்காட்டுப் பாதுகாப்பின் செலவுக் கணக்கில் சேர வேண்டும்.

புதுத்தோட்டத்துச் சிங்கவால் குரங்குகளுக்கும் இப்படித்தான் ஆட்கள் வேண்டியிருந்தார்கள். மரத்துக்கு மரம் தாவி வாழ வேண்டிய விலங்கு, நடுவில் சாலை போய்க் கிளைகள் விட்டுப்போனதால் தரையில் இறங்கி வண்டியில் அடிபட்டது. சாலைக்கு மேலே தொங்கு பாலங்கள் கட்டினார்கள். உள்ளூர் இளைஞர்கள் சாலையோரம் நின்று வண்டிகளை மெதுவாகப் போகச் சொல்கிறார்கள். உலகிலேயே மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் வாழும் குரங்கு அது. அதற்குச் சிப்ஸ் எறியும் சுற்றுலாப் பயணிகள் தயவுசெய்து அந்த இளைஞர்களின் பேச்சையாவது கேட்க வேண்டும்.

இந்தக் காட்டின் முதல் குடிகளான காடர்களைப் பற்றிப் பேசாமல் மேலே போக முடியாது. ஆனைமலையின் இரு பக்கமும், இன்றைய தமிழ்நாட்டிலும் கேரளத்திலும், தேனும் குங்கிலியமும் கிழங்கும் எடுத்து வாழ்ந்த மக்கள். தேக்குக்காக, தேயிலைக்காக, அணைகளுக்காக, கடைசியில் விலங்குகளுக்காகவும் அவர்கள்தான் நகர்த்தப்பட்டார்கள்.

கேரளப் பக்கம் வாழச்சாலில் நடந்ததைக் கேளுங்கள். இருவாச்சியில் பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து வாயிலை அடைத்துக்கொண்டு அடைகாக்கும். வெளியே உள்ள ஆண்தான் இரை கொண்டுவந்து ஊட்ட வேண்டும். அந்த ஆணைக் கொன்றால் உள்ளே இருக்கும் குடும்பமும் பட்டினியில் முடிந்துவிடும். எந்த மரத்தில் எந்தப் பொந்து என்பது காடர்களுக்கு மனப்பாடம். ஒரு காலத்தில் குஞ்சுகளை எடுக்கப் போனவர்களும் உண்டு. ஆய்வாளர் அமிதா பச்சன் அவர்களையே கூடுகளைக் கண்காணிக்கும் வேலைக்குக் கூலி கொடுத்து அமர்த்தினார். வேட்டைக்குப் பயன்பட்ட அறிவு காவலுக்குப் பயன்பட்டது. கதை அங்கே நின்றிருந்தால் அது நல்ல வேலைவாய்ப்புத் திட்டம், அவ்வளவுதான். 2014இல் வாழச்சாலின் ஒன்பது காடர் ஊர்களுக்கு, 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி, ஏறத்தாழ 400 சதுர கிலோமீட்டர் காட்டின் மீது சமூக வன வள உரிமை கிடைத்தது. அந்தக் காட்டைப் பயன்படுத்தவும் பாதுகாக்கவும் கிராம சபைக்கு உரிமை. சாலக்குடி ஆற்றில் 163 மெகாவாட் அதிரப்பள்ளி மின்திட்டத்தை எதிர்த்து நின்றபோது அந்தக் காடர்களின் கையில் சட்டம் இருந்தது. திட்டம் இன்றுவரை கட்டப்படவில்லை. வெளியூர்ச் சூழல் ஆர்வலர்கள் எத்தனையோ ஆண்டுகள் குரல் கொடுத்தார்கள், அதன் மதிப்பை நான் குறைக்கவில்லை. ஆனால் ஆற்றங்கரையில் குடியிருப்பவர் தன் கிராம சபையில் எழுந்து "வேண்டாம்" என்று சொல்லும்போது அதன் எடையே வேறு.

தமிழ்நாட்டில் அந்தச் சட்டம் நீதிமன்றத் தடையால் 2008 முதல் 2016 வரை கிட்டத்தட்ட முடங்கிக் கிடந்தது. 2019 ஆகஸ்ட் மழையில் வால்பாறையை அடுத்த கல்லார் காடர் குடியிருப்பு நிலச்சரிவில் சிதைந்தது. தங்கள் காட்டுக்குள்ளேயே, பாதுகாப்பான தெப்பக்குளமேட்டில் வீடு கட்டிக்கொள்கிறோம் என்று கேட்டவர்களை எஸ்டேட் லைன் வீடுகளில் வைத்தார்கள். தங்கள் பாரம்பரிய நிலத்தில் குடிசை போடுவதற்கே இரண்டு ஆண்டுகளுக்கு மேல் மனு, பேச்சுவார்த்தை, அறப்போராட்டம் என்று நடக்க வேண்டியிருந்தது. கடைசியில் கிடைத்தது. இப்படிப்பட்ட நேரத்தில் ஒரு தொண்டு அமைப்பு செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி கன்று தருவது இல்லை. வரைபடம் தயாரிக்க, மனு எழுத, சட்டப் பிரிவைக் காட்டி அதிகாரியிடம் பேச, வழக்கறிஞரை அமர்த்தத் துணை நிற்பதுதான். நன்கொடையாளர்கள் இதற்குப் பணம் தரத் தயங்குகிறார்கள். படம் எடுக்க இதில் ஒன்றுமில்லை, அதிகாரிகளுக்கும் பிடிக்காது.

இதையெல்லாம் இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. தமிழ்நாட்டு மலைகளில் தேயிலையின் காலம் பல இடங்களில் முடிந்துகொண்டிருக்கிறது. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்களுக்கு வேலை கொடுப்பதற்காகத் தொடங்கிய அரசு தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீயின் நிலத்தில் இரண்டாயிரம் ஹெக்டேருக்கும் மேற்பட்ட பகுதியை வனத்துறைக்குத் திருப்பித் தர 2022இல் அரசு முடிவு செய்தது. திருநெல்வேலி மாவட்டத்தில் மாஞ்சோலைத் தோட்டத்தின் 99 ஆண்டுக் குத்தகை 2028இல் முடிகிறது. 2024இலேயே தொழிலாளர்களை விருப்ப ஓய்வு கொடுத்து இறக்கும் வேலை தொடங்கிவிட்டது. நிலம் மீண்டும் காடாவதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். ஆனால் தலைமுறை தலைமுறையாக அந்த மலையில் வாழ்ந்தவர்களை வெறுங்கையோடு கீழே இறக்கிவிட்டு, பிறகு வெளியூர் ஒப்பந்தக்காரரை வைத்துக் கன்று நடுவது அநியாயம், காட்டுக்கும் கேடு. எந்த ஓடையில் எப்போது நீர் வற்றும், எந்தச் சரிவில் மண் நிற்காது, யானை எந்த வழியாக ஏறும் என்று அறிந்தவர்கள் அவர்கள். வால்பாறையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கற்ற பாடம் கையில் இருக்கிறது. விரும்புகிறவர்களுக்கு நாற்றங்கால், களையெடுப்பு, காவல் வேலைகளை நிரந்தர ஊதியத்தோடு கொடுத்தால் அங்கே நிழல் மரம் சில்வர் ஓக்கின் இடத்தில் இருபது ஆண்டில் வெடிப்பலா பூக்கும். தொழிற்சங்கங்களும் சூழல் அமைப்புகளும் இதில் எதிரெதிர் வரிசையில் நிற்பதைப் பார்க்க வேதனையாக இருக்கிறது. இருவரும் ஒரே மனுவில் கையெழுத்திட வேண்டிய நேரம் இது.

சமவெளியில் இருக்கும் எங்களுக்கு என்ன வேலை என்று கேட்டால், எங்களுக்குத்தான் அதிகம் என்பேன். பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் தென்னையும் காய்கறியும் விளைவது பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத்தில். அந்தத் தண்ணீரில் ஒரு பகுதி நீராறிலும் சோலையாறிலும், இந்தச் சோலைகள் நிற்கும் சரிவுகளிலும்தான் பிறக்கிறது. வாய்க்காலில் தண்ணீர் ஒரு சுற்று குறைந்தால் மறியல் செய்கிறோம். அது வரும் மலைக்கு இதுவரை ஒரு ரூபாய் கொடுத்ததில்லை. பாசன சபைகள் ஏக்கருக்கு ஒரு சிறு தொகையை மடைதோறும் சேர்த்தால், ஓடைக்கரைச் சோலைகளில் களையெடுப்பவர்களுக்கு ஆண்டு முழுக்கக் கூலி கொடுக்கலாம். முதலில் ஓர் ஓடை, மூன்று ஆண்டுக்கு ஒப்பந்தம், ஆண்டுதோறும் எத்தனை கன்று பிழைத்தது என்ற கணக்கு சபையில் வாசிக்கப்பட வேண்டும், பணம் எவர் கையில் போனது என்பதும் வாசிக்கப்பட வேண்டும். எங்கள் மடையில் சில விவசாயிகளிடம் பேசிப் பார்த்தேன். "நட்டால் எத்தனை வருடத்தில் தண்ணீர் கூடும்?" என்று ஒரு பெரியவர் கேட்டார். கூடும் என்று நான் சொல்லவில்லை. சோலை போனால் மழை பெய்யும் நாளில் சேறும், பெய்யாத நாளில் வறண்ட ஓடையும்தான் மிஞ்சும் என்றேன். சற்று யோசித்துவிட்டு, அடுத்த கூட்டத்தில் எழுதிக் கொடு, பார்க்கலாம் என்றார். எழுதிக்கொண்டிருக்கிறேன். உங்கள் ஊர்ப் பாசன சபையில் இதைப் பேசத் தயாராக இருப்பவர்கள் எனக்கு எழுதுங்கள், மனுவின் நகலை அனுப்பிவைக்கிறேன்.